சொல்லியாச்சு என்றால் போதுமா?

திருமயத்திலிருந்து வடக்கே இருபது கிலோமீட்டர் போனால் புதுக்கோட்டை, தெற்கே போனால் காரைக்குடி. கோனாபட்டு, ராயவரம், விராச்சிலை என்று சுற்றியுள்ள ஊர்களில் இருப்பவர்கள் சின்ன உபாதைக்குத் தாலுகா ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். பெரிதாக ஏதாவது என்றால் 2017-இல் தொடங்கிய புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போவார்கள், கையில் கொஞ்சம் பணம் இருந்தால் காரைக்குடியிலோ மதுரையிலோ தனியாரைப் பார்ப்பார்கள். இப்படி அலைகிற ஒரு சர்க்கரை நோயாளியின் மஞ்சப்பைக்குள் மூன்று இடத்துச் சீட்டுகளும் இருக்கும். மாத்திரைக்குப் பஞ்சமில்லை. 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வந்த பிறகு அரசு மருத்துவமனையில் மருந்து இல்லை என்ற பேச்சு பெருமளவு அடங்கியது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ அந்த மருந்தை வீட்டு வாசலுக்கே கொண்டு வந்துவிட்டது. ஆனால் 2020-இல் தமிழகத்தில் நடந்த தொற்றா நோய்க் கணக்கெடுப்பு, இரத்தக் கொதிப்பு உள்ளவர்களில் 7.3 சதவீதத்தினருக்கும் சர்க்கரை உள்ளவர்களில் 10.8 சதவீதத்தினருக்கும் மட்டுமே நோய் கட்டுக்குள் இருப்பதாகச் சொன்னது. கட்டுக்குள் இல்லாதவர்களில் கணிசமானோர் தமக்கு நோய் இருப்பதையே அறியாதவர்கள், அது வேறு பிரச்சினை. இந்தக் கட்டுரையின் அக்கறை, நோய் தெரிந்து, மருந்தும் வாங்கி, அதன் பிறகும் நோயை அடக்க முடியாமல் இருப்பவர்கள் பற்றியது. இவர்களிடம் மருந்து போய்ச் சேர்ந்த அளவுக்கு அதைப் பற்றிய விவரம் போய்ச் சேரவில்லை என்பதும், அது சேர்ந்ததா என்று பார்க்கும் பொறுப்பு நோயாளியுடையது அல்ல, சொல்கிறவருடையது என்பதும் என் வாதம்.

மருந்து கொடுக்கும் ஜன்னலில் நடப்பதைக் கவனித்தால் விஷயம் பிடிபடும். சீட்டில் 1-0-1 என்று இருக்கும். மருந்தாளுநர் அட்டையைக் கத்தரித்து நீட்டி, ‘காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பாட்டுக்கு முன்னாடி’ என்பார். பின்னால் நாற்பது பேர் நிற்கிறார்கள். வாங்குகிறவர் ‘சரிங்க’ என்று தலையாட்டிவிட்டு நகர்வார். அந்தத் தலையாட்டலை நம் மருத்துவ ஏற்பாடு முழுக்கவும் ரசீதாக எடுத்துக்கொள்கிறது. அது ரசீது இல்லை என்பதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவில் 395 நோயாளிகளிடம் மருந்துக் குப்பியின் மேல் எழுதியிருப்பதைப் படிக்கச் சொல்லிச் செய்த ஆய்வு ஒன்று 2006-இல் வெளியானது. ‘இரண்டு மாத்திரை, ஒரு நாளைக்கு இரண்டு வேளை’ என்ற வரியை, எழுத்தறிவு குறைந்தவர்களில் 70 சதவீதத்தினர் சரியாகத் திருப்பிச் சொன்னார்கள். ‘சரி, ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை எடுப்பீர்கள், எண்ணிக் காட்டுங்கள்’ என்றபோது சரியாக எண்ணிக் காட்டியவர்கள் 35 சதவீதத்தினர்தான். வாயால் சொன்னவர்களில் பாதிப் பேருக்குக் கையால் செய்யத் தெரியவில்லை. மருத்துவர் சொல்வதில் 40 முதல் 80 சதவீதம் வரை உடனே மறந்துபோகிறது, நினைவில் நிற்பதிலும் ஏறத்தாழ பாதி தப்பாக நிற்கிறது என்று 2003-இல் வெளியான ஒரு மதிப்பீட்டுக் கட்டுரை தொகுத்துச் சொன்னது. பயத்தோடு உட்கார்ந்திருப்பவர் காதில் நோயின் பெயர் விழுந்த பிறகு மற்றது எதுவும் ஏறாது. இது படிக்காதவருக்கு மட்டும் உரிய குறை அல்ல, பேராசிரியருக்கும் இதே கதிதான்.

‘சாப்பாட்டுக்கு முன்னாடி’ என்ற ஒரே ஒரு சொற்றொடரை எடுத்துக்கொள்வோம். கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரைகள் கணையத்தை உசுப்பி இன்சுலின் சுரக்க வைப்பவை. மாத்திரை போட்டால் சாப்பிட்டாக வேண்டும், இல்லையென்றால் சர்க்கரை தாறுமாறாக இறங்கும். வியர்க்கும், கை நடுங்கும், கண் இருட்டும், பேச்சு குழறும், முற்றினால் நினைவு தப்பும். இந்த மாத்திரையை வாங்கிச் செல்லும் பெண் நூறு நாள் வேலைக்குப் போகிறவர் என்று வையுங்கள். காலையில் ஒரு வாய்க் காப்பியோடு கிளம்பி, பத்து பத்தரைக்குத்தான் தூக்குவாளியைத் திறப்பார். ‘காலையில் சாப்பாட்டுக்கு முன்’ என்பதை அவர் ஆறரை மணிக்கு என்று எடுத்துக்கொண்டால் அதில் அவர் தப்பு என்ன? அடுத்து விரதம். சத்தியமூர்த்திப் பெருமாள் குடியிருக்கும் ஊர் திருமயம், புரட்டாசிச் சனிக்கிழமையும் வைகுண்ட ஏகாதசியும் இங்கே சாதாரண நாட்கள் அல்ல. அன்று பட்டினி கிடப்பவர் மாத்திரையையும் விட வேண்டுமா, பாதி போட வேண்டுமா, மருத்துவரிடம் முன்கூட்டிக் கேட்க வேண்டுமா? ரமலான் மாதத்தில் நோன்பு வைப்பவருக்கும் இதே கேள்விதான். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. ஆனால் இரண்டும் ‘சுகர் மாத்திரை’ என்ற ஒரே பெயரில் ஒரே பையில் கிடக்கின்றன. வியர்த்து நடுங்கினால் உடனே சர்க்கரையோ வெல்லமோ வாயில் போட வேண்டும் என்பது ஒரு வரித் தகவல். ‘உங்களுக்குச் சர்க்கரை ஆகாது’ என்று மட்டும் சொல்லி அனுப்பப்பட்டவர், அந்த நேரத்தில் சர்க்கரைக்குப் பயந்து வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வார். அரைகுறையாகச் சொன்ன உண்மை, சொல்லாமல் விட்டதைவிடத் தீங்கு செய்யும் இடம் இது.

தமிழ்நாடு படித்த மாநிலமாயிற்றே, எல்லாவற்றையும் தமிழில் அச்சடித்துக் கொடுத்துவிட்டால் போகாதா என்று கேட்கலாம். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி புதுக்கோட்டை மாவட்டத்தின் எழுத்தறிவு 77 சதவீதம், பெண்களில் 69. அறுபது வயதைத் தாண்டியவர்களில் இது இன்னும் குறைவாகத்தான் இருக்கும், நீண்டகால மருந்து எடுப்பவர்களில் பலர் அந்த வயதினர். அதைவிட முக்கியமானது, எழுத்துக்கூட்டிப் படிப்பதும் படித்ததைக் கொண்டு ஒரு காரியம் செய்வதும் வேறு வேறு திறன்கள் என்பது. உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டில் ‘ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்கவும்’ என்று இருக்கும். எத்தனை வீட்டில் லிட்டர் அளவு இருக்கிறது? குழந்தை ஒரே மூச்சில் ஒரு லிட்டர் குடிக்காது என்பதால் தாய் ஒரு டம்ளரில் பாதிப் பாக்கெட்டைக் கொட்டிக் கலக்குவார். கரைசல் அடர்த்தியாகிவிட்டால் வயிற்றுப்போக்கு குறைவதற்குப் பதில் கூடும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் காட்டி, முழுப் பாக்கெட்டையும் அதில் போட்டு, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொல்லிவிட்டால் அச்செழுத்துக்கு அங்கே வேலையே இல்லை. படம் போடலாம் என்பார்கள். போடலாம்தான், ஆனால் படத்துக்கும் மொழி உண்டு. தென்னாப்பிரிக்காவில் ஷோசா மொழி பேசும் மக்களிடம் அமெரிக்காவில் வரைந்த மருந்துப் படக்குறிகளைக் காட்டியபோது பலருக்கு விளங்கவில்லை. அதே மக்களோடு உட்கார்ந்து வரைந்த படங்கள் நன்றாகவே விளங்கின. ஐரோப்பிய ஒன்றியம் இந்தப் பாடத்தை 2004-இல் சட்டமாகவே ஆக்கியது. அங்கே மருந்தோடு வரும் துண்டுத்தாளை நோயாளிகளிடம் கொடுத்துச் சோதித்த பிறகுதான் வெளியிட முடியும். கேட்ட விவரத்தைப் பத்தில் ஒன்பது பேர் தாளில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும், கண்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு அது புரிய வேண்டும் என்பது அதற்கான வழிகாட்டு அளவு.

நம் பக்கம் விதிகள் இல்லாமல் இல்லை, அவை வேறு யாரையோ பார்த்து எழுதப்பட்டவை. மருத்துவர்கள் மருந்தின் பொதுப்பெயரைத் தெளிவாக, கூடுமானவரை பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016-இல் விதித்தது. ஆங்கிலப் பெரிய எழுத்து மருந்துக் கடைக்காரருக்கு உதவும், விராச்சிலைப் பாட்டிக்கு அது சின்ன எழுத்தானாலும் ஒன்றுதான், பெரிய எழுத்தானாலும் ஒன்றுதான். 2023 ஆகஸ்ட் முதல் அதிகம் விற்கும் 300 மருந்துகளின் உறையில் க்யூஆர் குறியீடு கட்டாயம். அதைக் கைப்பேசியில் பிடித்தால் தயாரித்த நிறுவனம், தொகுதி எண், காலாவதித் தேதி எல்லாம் வரும். எப்படிச் சாப்பிட வேண்டும் என்பது மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை. போலி மருந்தைப் பிடிக்க அது நல்ல கருவி, அவ்வளவுதான்.

புதுக்கோட்டை மாவட்டம் இந்தக் கேள்விக்குப் பதிலை முப்பது வருடங்களுக்கு முன்பே ஒரு தடவை எழுதியிருக்கிறது, அது மருத்துவத்தில் அல்ல என்பதால் மறந்துபோனோம். 1991-இல் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் இங்கே அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தது. பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டு கூட்டம் கூட்டமாகச் சாலையில் இறங்கியதைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள், பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதி அது நாடெங்கும் தெரிந்தது. அதற்கு அடியில் இருந்த வேலைமுறை அவ்வளவாகப் பேசப்படவில்லை. தேசிய எழுத்தறிவு இயக்கத்தின் பாடமுறையில் மூன்று பாடநூல்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் மூன்று தேர்வுகள். எத்தனை புத்தகம் வினியோகித்தோம், எத்தனை கூட்டம் போட்டோம் என்பதை வைத்து அந்த முறையில் ஒருவரை எழுத்தறிவு பெற்றவராகக் கணக்கெழுத முடியாது. கற்றவர் எழுதிக் காட்ட வேண்டும், படித்துக் காட்ட வேண்டும். சுகாதாரத் துறை இன்றைக்கும் எண்ணுவது மறுபக்கத்தை. இத்தனை துண்டுப் பிரசுரம், இத்தனை முகாம், இத்தனை பேருக்கு ‘ஆலோசனை வழங்கப்பட்டது’ என்று பதிவேட்டில் ஒரு டிக். கேட்டவர்களில் எத்தனை பேருக்கு விளங்கியது என்ற கட்டம் பதிவேட்டில் கிடையாது.

அந்தக் கட்டத்தை வைத்து, அதையே சம்பளத்தோடு கட்டிப்போட்டவர்கள் வங்காளதேசத்தின் பிராக் அமைப்பினர். வயிற்றுப்போக்கால் குழந்தைகள் சாவதைத் தடுக்க, 1980 முதல் பத்தாண்டுகளில் சுமார் 1.2 கோடி வீடுகளுக்கு அவர்களுடைய பெண் ஊழியர்கள் போனார்கள். அரை சேர் தண்ணீரில் மூன்று விரல் சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், இவ்வளவுதான் பாடம். கொண்டுபோன பாக்கெட் எதுவும் இல்லை, எல்லாம் வீட்டில் இருப்பது. ஊழியர் முன்னாலேயே தாய் தன் கையால் கரைத்துக் காட்டுவார். சில வாரங்கள் கழித்து வேறொருவர் வந்து, சில வீடுகளைக் குலுக்கல் போலத் தேர்ந்தெடுத்து, அந்தத் தாய்மாருக்கு என்ன நினைவிருக்கிறது என்று கேட்பார். தாய்க்கு எத்தனை நினைவிருந்ததோ அதைப் பொறுத்துத்தான் ஊழியருக்கு ஊதியம். இதில் எனக்குப் பிடித்தது இன்னொன்று. தாய்மார் பாடத்தைச் சரியாகச் சொல்லியும் குழந்தைக்குக் கரைசலைக் கொடுக்காமல் இருந்தபோது, பிராக் அவர்களைக் குறை சொல்லவில்லை, காரணத்தைத் தேடியது. ஊழியர்களில் பலருக்கே இதில் நம்பிக்கை இல்லை, தங்கள் வயிற்றுப்போக்குக்கு அவர்கள் மாத்திரை தேடினார்கள் என்று தெரிந்தது. வீட்டு ஆண்களிடம் யாருமே பேசவில்லை என்பதும் தெரிந்தது. ஊழியர்களை டாக்காவுக்கு அழைத்துப்போய்க் கரைசல் எப்படி வேலை செய்கிறது என்று காட்டினார்கள், ஆண்களுக்குத் தனிக் கூட்டம் போட்டார்கள். தகவல் சேராததற்குச் சொல்கிறவர் பக்கம் முதலில் தேடினால் இப்படித்தான் விடை கிடைக்கும்.

நேரம் எங்கே இருக்கிறது என்பதுதான் இதற்கு வரும் பலமான மறுப்பு, அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. 67 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2017-இல் வெளிவந்த ஆய்வில், ஒரு நோயாளிக்கு முதல்நிலை மருத்துவர் ஒதுக்கும் நேரம் ஸ்வீடனில் 22 நிமிடத்துக்கும் மேல், வங்காளதேசத்தில் 48 விநாடி, இந்தியாவில் சுமார் 2 நிமிடம். சொன்னதைத் திருப்பிச் சொல்லக் கேட்பது நேரத்தைத் தின்றுவிடாது என்பதற்கு சான் பிரான்சிஸ்கோ அரசு மருத்துவமனை ஒன்றில் நடந்த, 2003-இல் வெளியான ஆய்வைக் காட்டுவார்கள். சர்க்கரை நோயாளிகளிடம் மருத்துவர்கள் புதிதாகச் சொன்ன விஷயங்களில் 12 சதவீதத்தில்தான் ‘புரிந்ததைச் சொல்லுங்கள்’ என்று கேட்டிருந்தார்கள். கேட்ட மருத்துவர்களின் நோயாளிகளுக்குச் சர்க்கரை மேலான கட்டுப்பாட்டில் இருந்தது, சந்திப்பு நேரமும் கூடவில்லை. நல்ல செய்திதான். ஆனால் அது 74 நோயாளிகளைக் கொண்ட சின்ன ஆய்வு, அக்கறையுள்ள மருத்துவர் வேறு பல வகையிலும் நன்றாகக் கவனித்திருக்கக் கூடும். அங்கே சந்திப்பே இருபது நிமிடம். அதை அப்படியே கொண்டுவந்து நம் புறநோயாளிப் பிரிவின் இரண்டு நிமிடத்தில் திணிக்கச் சொல்வது, ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும் மருத்துவர் தலையில் இன்னொரு மூட்டையை ஏற்றுவதாகும். மருத்துவரின் மேசைதான் விளக்கம் சொல்லும் ஒரே இடம் என்று எண்ணிக்கொண்டிருப்பதுதான் இதில் உள்ள கோளாறு.

மக்களைத் தேடி மருத்துவத்தின் பெண் தன்னார்வலர் நோயாளியின் திண்ணையில் உட்காருகிறார். பின்னால் வரிசை கிடையாது. மாத்திரைப் பை அங்கேயே இருக்கிறது, எந்த அட்டையில் எத்தனை மீந்திருக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். பெரும்பாலும் அதே பக்கத்துப் பெண், பேச்சு வழக்கு ஒன்று, எத்தனை மணிக்கு அந்த வீட்டில் உலை வைப்பார்கள் என்பதுகூட அவருக்குத் தெரியும். ‘புரிஞ்சுதா ஆத்தா?’ என்று கேட்டால் எவரும் ‘புரிஞ்சுது’ என்றுதான் சொல்வார்கள், மரியாதைக்காகவாவது. ‘நான் சரியாச் சொன்னேனான்னு பார்க்கணும், நாளைக்குக் காலையில எதை எப்பப் போடுவீங்க, எடுத்துக் காட்டுங்க’ என்று கேட்டால் பரீட்சை வைக்கப்படுவது சொன்னவருக்கு என்றாகிவிடுகிறது, கேட்கப்பட்டவருக்குக் கூச்சமும் இல்லை. இதற்கு ஒரு வீட்டுக்கு மூன்று நான்கு நிமிடம் போதும். அதற்கான பயிற்சியும், அதற்குத் தக்க ஊதியமும் கொடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். சுமையை மட்டும் கூட்டிவிட்டு ‘தன்னார்வலர்’ என்று பட்டம் கொடுப்பது நமக்குக் கைவந்த கலை.

அதிகம் சொன்னால் நோயாளி பயந்து மருந்தையே விட்டுவிடுவார், கூடவே நம் வழக்கத்தில் மோசமான செய்தியைக் குடும்பத்தாரிடம்தான் சொல்வது என்ற ஆட்சேபமும் உண்டு. ‘அவர்கிட்ட சொல்லிடாதீங்க டாக்டர்’ என்று மகன் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சுவது அன்பினால்தான், அதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. ஆனாலும் அடுத்து என்ன சிகிச்சை என்று தீர்மானிக்க வேண்டிய உடம்பு அவருடையது. சமீரா கோலி வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம், நோயாளி முடிவெடுக்கப் போதுமான விவரத்தை மருத்துவர் தர வேண்டும், அதன் பிறகு பெறுவதுதான் ஒப்புதல் என்றது. எல்லா அரிய அபாயங்களையும் அடுக்கி மிரட்டத் தேவையில்லை என்றும் அதே தீர்ப்பு சொன்னது, அது நிதானமான நிலை. தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனம், நோயின் தன்மையையும் சிகிச்சையையும் அவருக்குப் புரியும் மொழியில் தெரிந்துகொள்வதை உரிமையாகவே எழுதியது. பயமுறுத்துவது பெரும்பாலும் தகவல் அல்ல, அது துண்டுதுண்டாக, காரணமின்றி வந்து விழும் விதம். கொதிப்பு மாத்திரை தொடங்கிய சில நாள் எழும்போது தலை சுற்றலாம், மெதுவாக எழுந்தால் போதும், தொடர்ந்து சுற்றினால் வந்து சொல்லுங்கள் என்று முன்கூட்டிச் சொல்லப்பட்டவர் தாக்குப்பிடிப்பார். சொல்லப்படாதவர்தான் ‘இந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கல’ என்று மூன்றாம் நாள் நிறுத்துவார்.

தமிழில் மருத்துவத்தை அவ்வளவு நுட்பமாகச் சொல்ல வராது என்பவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மானிப்பாயில் உடற்கூற்றியல் முதல் அறுவை மருத்துவம் வரை தமிழிலேயே கற்பித்து மருத்துவர்களை உருவாக்கினார், அதற்கான நூல்களையும் தமிழில் கொண்டுவந்தார். மருத்துவருக்கே பாடம் நடத்தப் போதுமாயிருந்த மொழி, மருந்து சாப்பிடும் முறை சொல்லப் போதாதா? பேரனின் கைப்பேசி இருக்கிறதே, வாட்ஸப்பில் எல்லாம் வருகிறதே என்பவர்களுக்கும் சுருக்கமாகவே சொல்லலாம். அங்கே வருவது ஊருக்கெல்லாம் பொதுவான செய்தி. 2000-களின் தொடக்கத்தில் ‘புள்ளிராஜா’ விளம்பரம் தமிழகத்தையே எய்ட்ஸ் பற்றிப் பேச வைத்தது, அது அரிய வெற்றி. ஆனால் பொதுமக்களை உசுப்புவது ஒரு வேலை, குறிப்பிட்ட ஒருவர் குறிப்பிட்ட நாளில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்வது இன்னொரு வேலை. நாய் கடித்தால் பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள் என்பதை வாட்ஸப் சொல்லிவிடும். ‘0, 3, 7, 28-ஆம் நாள் ஊசி’ என்பது, கடிபட்டவருக்கு முதல் ஊசி போட்ட அன்றே அடுத்த மூன்று ஊசிக்கும் தேதியையும் கிழமையையும் சீட்டில் எழுதி, இருபத்தெட்டாம் நாள் காயம் ஆறியிருந்தாலும் வர வேண்டும் என்று சொல்லி, எந்தெந்தக் கிழமை வருவார் என்று அவர் வாயால் கேட்டுக்கொண்ட பிறகுதான் முழுமையாகிறது.

மாவட்ட நிர்வாகம் செய்யக்கூடியது பெரிய செலவுள்ள காரியமல்ல. மாதம் ஒருமுறை, திருமயம் வட்டாரத்தில் மருந்து வாங்கியவர்களில் இருபது பேரைக் குலுக்கி எடுத்து வீட்டுக்குப் போய், எந்த மாத்திரை, எதற்கு, எப்போது, சாப்பிடாத நாளில் என்ன செய்வீர்கள், எந்த அறிகுறி வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடி வருவீர்கள் என்ற ஐந்து கேள்வியை மட்டும் கேட்டுக் குறிக்கலாம். சரியான விடைகளின் எண்ணிக்கை, வினியோகித்த மாத்திரைகளின் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே ஆய்வுக் கூட்டத்தில் வைக்கப்பட வேண்டும். எண்ணிக்கை குறைந்த இடத்தில் தன்னார்வலரையோ மருந்தாளுநரையோ திட்டாமல், சொல்லும் முறையை மாற்றிப் பார்க்க வேண்டும். அந்த ஏற்பாடு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு காரியம் வாசகரிடம் இருக்கிறது. உங்கள் அம்மாவையோ மாமனாரையோ ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும்போது, ஜன்னலை விட்டு நகருமுன் ஒவ்வொரு அட்டையாக எடுத்து, ‘இது காலையில, சாப்பிட உட்காரும்போது, சாப்பிடாட்டி வேண்டாம், சரிதானே?’ என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். தப்பிருந்தால் மருந்தாளுநர் அங்கேயே திருத்திவிடுவார். வீட்டுக்கு வந்த பிறகு சந்தேகம் வந்தால் 104 என்ற எண்ணைக் கூப்பிடலாம், அது தமிழ்நாடு அரசின் இலவச மருத்துவ ஆலோசனை எண், தமிழிலேயே பேசலாம்.